நனையாத சோப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, கால் புண் ஆறியதா என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் புது ஹோட்டலை வியாழக்கிழமை திறப்பதாக இருந்தது. அதற்கு முன் சுகாதார ஆய்வாளர் அம்மா பார்வையிட வந்தார். முதலாளி ஒரு வாரமாக எங்களை வாட்டி எடுத்து, தரையில் முகம் தெரியுமளவுக்குத் தேய்க்க வைத்திருந்தார். கை கழுவவென்றே புதிதாக ஒரு தொட்டி வைத்தார். கறை படியும் என்று எங்களை அதன் கிட்டேயே விடவில்லை. காய் கழுவும் தொட்டியில்தான் கையையும் கழுவினோம்.

அந்த அம்மா நேரே அந்தப் புதுத் தொட்டிக்குப் போய் அங்கிருந்த சோப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"காலையிலேருந்து சமைச்சுப் பாக்கறீங்க. சோப்பு காஞ்சு கிடக்கு. அப்ப யாரும் கை கழுவலையா?"

திறப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். என் வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை.

ஆனால் அந்த அம்மாவின் சந்தேகக் கண் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உங்கள் போன கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மாத்திரை வேளை தவறுவதில்லை, இனிப்பைத் திரும்பியும் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. காலியான மாத்திரை அட்டைகளை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். எண்ணிப் பார்ப்பேன்.

முதலாளி கூப்பிடுகிறார். நான் இங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சந்தோஷமாக இருக்கிறேன். அதற்கு மட்டும் அத்தாட்சி கேட்காதீர்கள்.

உங்கள் மகள்