அப்பாவின் ஈசிஜி தாள்

இல்லம்மா, உன்மேல் கோபமில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்றுதானே அப்பாவின் ஈசிஜி தாளை லேமினேஷன் செய்தாய்? சூட்டில் அது கறுத்துவிடும் என்று யாருக்குத் தெரியும்! உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

காரணம் புரியாத பக்கவாதங்களுக்குக் காரணம் தேட நாங்கள் பழக்கும் கணினிக்கு, ஈசிஜியைப் படிக்க முடியாததால், அப்பாவின் மூளை ஸ்கேனை மட்டும் கொடுத்தேன். இதயத்திலிருந்து போன இரத்தக்கட்டி என்றது, அறுபது சதவீதம்.

“அது போதாது. உங்கப்பான்னா மட்டும் கணக்கு மாறுமா, தாயே?” என்றார் மேலதிகாரியான டாக்டர். பிறகு அவரே டீ வாங்கித் தந்தார்.

மீதி நாற்பது சதவீதத்துக்கு அது பட்டியலிட்ட காரணங்களையும் பார்த்தேன் அம்மா. அப்பா போன அன்று காலை நீ போட்ட சண்டை அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

அவருடைய சாம்பல்நிற ஸ்வெட்டரை அனுப்பு. இங்கே குளிர்.

கூப்பிடுகிறார்கள். அப்பாவின் ஃபைலில் ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதி மூடினேன்.