என் குரலின் ஏழு தகப்பன்மார்

பிப்ரவரி 4

இன்று இணையக் குழுவில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். என் பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதாம்.

‘கணவாயில் பனி’ பாட்டில் குரல் கொஞ்சம் உச்சத்தில் இருக்கிறதே என்று சும்மா எழுதினேன். உடனே பெரிசாத் என்ற பெண்: “டோக்மோக் அண்ணே, நீங்க அசான்குல் அண்ணன் பாடி நேர்ல கேட்டதே இல்லபோல. அந்த உச்சி அவர் ஒருத்தருக்குத்தான் எட்டும். தெரியாட்டி கம்முனு இருங்க.”

அந்த அசான்குல் நான்தான். வேறு பெயரில் அங்கே ஒளிந்திருக்கிறேன். திட்டு வாங்கினாலும் உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் ‘சாரி ஜெல்’ இசைக்குழு ஓர் இசைத்தட்டுகூட வெளியிட்டதில்லை. நாரின் கலாசார மாளிகையில் நாங்கள் பாடியதை யாரோ கேசட்டில் பிடித்தார்கள். அதிலிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் அதையெல்லாம் கணினியில் ஏற்றி, இரைச்சல் துடைத்துப் பகிர்கிறார்கள். குழுவில் ஒரு சட்டம் உண்டு: எந்தப் பதிவைப் போட்டாலும் அதன் ஏழு தகப்பன்மாரைச் சொல்ல வேண்டும். யார் கேசட்டிலிருந்து யார் எடுத்தது என்று. தன் ஏழு பாட்டன் பெயர் தெரியாதவன் கிர்கிஸே இல்லை என்போமே, அதைப் பாட்டுக்கும் வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

பிப்ரவரி 11

பெரிசாத் யார் யாரிடமோ விசாரித்து, நான் கரி அள்ளிப்போடும் கொதிகலன் அறைக்கே வந்துவிட்டாள். பல் மருத்துவமனையில் வேலையாம். கரித்தூசியோடு நின்ற என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். ஏப்ரலில் பிஷ்கெக்கில் ஒரு மேடை பிடித்திருக்கிறார்களாம். “ஒரே ஒரு தடவை பாடுங்கண்ணே. எங்கப்பா உங்க பாட்டைப் போட்டுத்தான் என்னைத் தூங்க வச்சாரு.”

சரி என்றுவிட்டேன். குழுவில் அவள் திட்டிய டோக்மோக் அண்ணன் நான்தான் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 20

எட்டவில்லை.

பிப்ரவரி 27

தினமும் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கூடவே பாடிப் பார்க்கிறேன். முதல் இரண்டு அடி சமாளிக்கிறேன். உச்சிக்குப் போகும்போது தொண்டை கிழிகிறது. தேன், வெந்நீர், ஆட்டுவால் கொழுப்பு, எல்லாம் ஆயிற்று.

கலீச்சா சமையலறையிலிருந்து கத்துகிறாள்: “ஏங்க, கழுதை ஏதாவது உள்ள வந்துடுச்சா?” வழக்கமாகச் சிரிப்பேன். இன்று கதவை அறைந்து சாத்தினேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

குரல் போய்விட்டது. புகையிலா, கரியிலா, வயதிலா? நான் வைத்திருந்த ஒரே சொத்து அது. பத்திரமாக உள்ளே இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அடப்பாவி.

மார்ச் 3

மேடை வேண்டாம் என்று பெரிசாத்துக்குச் செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. முதலில் குபாத்திடம் சொல்ல வேண்டும். கிதார் அவனுடையது. இசைக்குழுவில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான்.

மார்ச் 8

மகளிர் தினமாயிற்றே என்று கலீச்சாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தால், குபாத் காராகோலிலிருந்து வந்து உட்கார்ந்து, அவள் பொரித்த போர்சோக் அப்பத்தைத் தின்றுகொண்டிருக்கிறான்.

“குரல் போச்சுடா” என்றேன்.

“போகட்டும். முதல்ல அந்தப் பாட்டைப் போடு.”

போட்டேன். கூடவே வாசித்தான். இரண்டு மீட்டு மீட்டினான், நிறுத்தினான், சுருதி பார்த்தான், மறுபடி நிறுத்தினான்.

“டேய் அசான், இந்த இடத்துல நான் விரலே வைக்க மாட்டேன். வெறும் தந்திடா இது. கேளு, வெறும் தந்தி ரீங்காரம்தான் வருது. ஆனா என் தந்தியைவிட ஒரு சுரம் மேல நிக்குது.”

“அன்னிக்கு இழுத்துக் கட்டியிருப்ப.”

“அந்த ஓட்டை கிதார்லயா? அவ்வளவு இழுத்தா கழுத்தே பிச்சுக்கிட்டு வந்திருக்கும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏழு தகப்பன்! ஒவ்வொருவர் வீட்டு டேப் பெட்டியும் ஒவ்வொரு வேகத்தில் ஓடியிருக்கிறது. கை மாற மாறக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறி, ஏழாவது கைக்கு வரும்போது என் குரல் ஒரு சுரம் மேலே போய் உட்கார்ந்துவிட்டது. சின்னப் பயலின் குரல் மாதிரி. அந்த உச்சியை நான் பாடியதே இல்லை!

குபாத் தன் சுருதிக்கு வாசித்தான். பாடினேன். வந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் முழுசாக வந்தது. கலீச்சா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். கேலி பண்ணவில்லை.

மார்ச் 15

குபாத்தின் பேரன் பதிவைக் கணினியில் வேகம் குறைத்து, சரியான சுருதியில் குழுவில் போட்டான்.

ஐயோ, வந்த ஏச்சு! “இது அசான்குல் அண்ணன் இல்ல, யாரோ தூங்கி வழியிறாங்க.” “சவ ஊர்வலமா?” “போலி.” பெரிசாத் மரியாதையாக எழுதினாள்: “மன்னிச்சுக்குங்க, இதுல உயிர் இல்ல.” மாலைக்குள் எடுத்துவிட்டார்கள்.

என் சொந்தக் குரலைப் போலி என்று வெளியே தள்ளிவிட்டார்கள்.

“நான்தான் அசான்குல், இதுதான் என் குரல்னு போட்டு உடைங்களேன்” என்றாள் கலீச்சா.

தட்டச்சு செய்ய விரல் போனது, எழுதவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணைத் தூங்க வைத்தவன் யார்? அவள் அப்பா போட்ட கேசட்டில் இருந்தது நானா, வேறு ஒருவனா? அவன்மீது எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. யாரிடம் சொல்ல இதை?

மார்ச் 16

பாடுவேன். என் சுருதியில். பிடிக்காவிட்டால் எழுந்து போகட்டும்.

ஏப்ரல் 13

நேற்று மேடை முடிந்தது.

மற்றப் பாட்டுகளுக்குக் கைதட்டினார்கள், மரியாதைக்கு. கடைசியாகக் ‘கணவாயில் பனி’. குபாத் தந்தியில் கை வைக்கும் முன்பே கூட்டம் தானாக ஆரம்பித்துவிட்டது. அவர்களுடைய சுருதியில். பிறந்ததிலிருந்து கேட்ட சுருதி, அது எப்படி இறங்கும்?

குபாத் என்னைப் பார்த்தான். “நிறுத்தட்டுமா?” என்று உதட்டசைவில் கேட்டான். நிறுத்தி, நம் சுருதியைக் கொடுத்து, மறுபடி ஆரம்பித்திருக்கலாம். அதற்காகத்தானே ஒரு மாதம் பாடிப் பழகினேன்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் கிதார் கழுத்தில் சுருதி ஏற்றும் கேப்போ கவ்வியை மாட்டி ஒரு சுரம் மேலே ஏறினான். நான் அவர்கள் குரலுக்கு அடியில், என் கரகரப்போடு பாடினேன். உச்சி வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். அத்தனை பேரும் அங்கே ஏறிப் போனார்கள். முன்வரிசையில் பெரிசாத் கண்ணை மூடி அழுதுகொண்டே பாடினாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

நல்ல பாட்டு. நேற்றுத்தான் அதை உட்கார்ந்து கேட்கிறவன் மாதிரி முதல் தடவையாகக் கேட்டேன்.