நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, அழகு கெட்டால் கெட்டுப் போகட்டும். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உடம்புக்கு என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே வந்து நிற்கிறார், அவரை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது, அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவும் மாப்பிள்ளையும் கீழே டவுனில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ரூம் எடுத்துப் போய்விட்டார்கள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். எட்டாவது மாதம், மழையும் தொடங்கிவிட்டது, நம் வீட்டு மேட்டுப் பாதை எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும். கோபித்துக்கொண்டு போயிருந்தால் நானே போய் நாலு திட்டுத் திட்டிக் கூட்டி வந்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. பயந்து போயிருக்கிறாள். யார்தான் பயப்பட மாட்டார்கள், போன தடவை வலி எடுத்த அன்று அந்த வளைவில் பிக்கப்பின் பின்சக்கரம் சேற்றில் சுற்றிச் சுற்றிப் பள்ளம் தோண்டிக்கொண்டதும், தார்ப்பாயில் அவளைப் படுக்கவைத்து நாங்கள் கீழே தூக்கிப் போனதும், குழந்தை தங்காமல் போனதும், அதையெல்லாம் மறுபடி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டியவர் உங்கப்பா. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அக்கா மறுபடி உண்டானதும் மனுஷன் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார். பின்சக்கரம் மட்டும் இழுத்தால் போதாது, நாலும் இழுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போய், இதே மாதிரி வண்டி, ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிறது, அதிலிருந்து முன் ஆக்சிலையும் நடுவில் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியையும் கழற்றி வந்தார். ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. துணி காயப்போடப் போனால் புடவையெல்லாம் கிரீஸ். மூட்டை ஏற்றப் போகாமல் இதையே கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று ஒரு நாள் கத்தினேன், டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடி என்றார். பிடித்தேன், வேறென்ன செய்வது.

எல்லாம் பூட்டி முடித்த அன்று நல்ல வெயில். முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, அக்காவை வாசலுக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தார், பாரும்மா என்று. வாசல் சிமெண்டுத் தரையில், நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற லீவரைத் தள்ளி வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது, வண்டி துள்ளுகிறது, டயர் கிறீச்சென்று கத்துகிறது, அடியில் டமாரென்று ஒரு சத்தம், சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற தண்டு ஒன்று முறிந்து தரையில் விழுந்தது. உங்கப்பா இறங்கி, ஒன்றுமில்லைம்மா, சரியாகிவிடும் என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

என்ன தப்பு என்று கண்டுபிடித்தது யார் தெரியுமா, உன் அம்மாதான். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில், மூட்டையோடு மேடு ஏறுவதற்காக, பின் ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கரத்தை உங்கப்பா மாற்றிப் போட்டாரே. அப்புறம் வண்டி நன்றாக இழுத்தது, ஓடத்தான் இல்லை. சைக்கிள்காரர்கள் தாண்டிப் போவார்கள், நீ பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு டாட்டா காட்டுவாய். தெருவே சிரித்த விஷயம், மாற்றிய மகராஜனுக்கு மறந்துவிட்டது. முன்னால் மாட்டியது கம்பெனி போட்ட பல், பின்னால் கிடப்பது இவர் போட்ட பல். முன்சக்கரம் ஓடலாம் என்கிறது, பின்சக்கரம் மெல்லப் போகலாம் என்கிறது, வண்டி என்ன செய்யும். இதை நான் சொன்னதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா போன அன்றுகூட அழாதவர் அன்றைக்கு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அன்று கழற்றிய கம்பெனி பல்சக்கரத்தைத் தூக்கி எறியாமல் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவைத்திருந்தார். அதையே திரும்பப் பின்னால் மாட்டி, முறிந்த தண்டுக்கு வேறு வாங்கிப் போட்டு, போன வாரம் கொட்டுகிற மழையில் என்னை ஏற்றிக்கொண்டு கீழே போய்த் திரும்பி வந்தார். அந்த வளைவு வந்ததும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் வீட்டு வாசல். சந்தோஷப்படத்தான் வேண்டும், என்னால் முடியவில்லை. அன்றைக்கே இது இருந்திருந்தால் என்று அவர் நினைத்திருப்பார், நானும் அதைத்தான் நினைத்தேன். மறுநாள் உங்கப்பா மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வண்டியைக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். ரோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி மாமா, எதுக்கு உங்களுக்குச் சிரமம் என்றாராம். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறமும் உங்கப்பா தினமும் மழை விட்டதும் காலி வண்டியை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறார். நேற்று ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன், சீட்டுக்குப் பின்னால் இரண்டு வளையம் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. குழந்தைகளை உட்காரவைத்துப் பெல்ட் போடுகிற கூடை விற்கிறார்களல்லவா, அதைக் கட்டுவதற்கு.

அக்காவை நீ வற்புறுத்தாதே. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அது போதும் எனக்கு. அப்புறம் என்றைக்காவது நல்ல வெயில் நாளில் ஒரே ஒரு தடவை அப்பா வண்டியில் ஏறி வீட்டுக்கு வரச் சொல். வெயில் நாளில் பின்சக்கரமே போதும், இவ்வளவு பாடும் வீண்தான், வீணாகவே போகட்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, போன தடவை போட்டோவில் கன்னம் ஒட்டியிருந்தது. அப்பாவுக்குத் தனியாகப் போன் போடு. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நல்லாயிருக்கேன் என்று வைத்துவிடுவார், வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாயிருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உங்கப்பா உள்ளே வந்தார். யாருக்கு என்றார், சின்னவளுக்கு என்றேன். கையைத் துடைத்துக்கொண்டார். நாலு சக்கரமும் இழுக்கிறது என்று எழுது, அதைப் பெரியவளிடம் சொல்லச் சொல் என்றார். எழுதிவிட்டேன்.