ஒரே கடையில் வாங்கிய இரண்டு கத்திகள்

திங்கள், 3ஆம் தேதி

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்பது தெரியும். இன்று காலை எட்டரை மணிக்கு அலுவலக வாசலில் என் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தீர்கள். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க சார்" என்றீர்கள். பன்னிரண்டு வருடமாக நீங்கள் 'டேய்' என்று கூப்பிட்ட மச்சான் ஒரே காலையில் சாராகிவிட்டேன். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

நீங்கள் பறித்தது ஒரு மடக்குக் கத்தி. மரப்பிடி, பித்தளைப் பூண், விரல் நீள அலகு. பார்சல் பிரிவில் தினமும் நாற்பது கட்டுப் பிரிக்கிறேன். அதற்கு அலுவலகம் ஒரு கத்தரிக்கோல் கொடுத்திருக்கிறது. யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி மேசைக் காலோடு சங்கிலி போட்டிருக்கிறார்கள். கத்தரிக்கோல் பார்சலிடம் வராது. பார்சல்தான் அதனிடம் போக வேண்டும்.

அந்தக் கத்தி உங்களுக்குத் தெரியாததா? உங்கள் மகன் காலில் ஏறிய கண்ணாடிச் சில்லை எடுத்தது அது. உங்கள் கல்யாணத்தின்போது ஒரே கடையில் இரண்டாக வாங்கி, ஒன்றை உங்களுக்குக் கொடுத்தேன். "நல்ல சாமான்டா" என்றீர்கள். இன்று அறிக்கையில் 'ஆயுதம்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

பத்தாம் தேதி விசாரணை. அந்தச் சொல் நின்றால் என் பதினைந்து வருட வேலை போய்விடும். 'பார்சல் பிரிக்கும் கத்தி' என்று மாற்றுங்கள். மூன்று சொல்தான், கை வலிக்காது.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் (முன்னாள் 'டேய்')


புதன், 5ஆம் தேதி

அன்புள்ள மச்சானுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். பையனுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

அலகு உள்ள எதையும் யாரும் வாசல் தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்பது புது விதி. யாரும் என்றால் யாரும். உன்னை விட்டால் நாளைக்கு ஊரே என் மச்சான் ஆகிவிடும். சொந்தக்காரனையே பிடித்தேன் என்று மேலாளர் தோளில் தட்டினார். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல்.

அறிக்கைப் படிவத்தில் 'ஆயுதம்', 'வெடிபொருள்' என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. உனக்காகச் சின்னதைத் தேர்ந்தெடுத்தேன். அது உனக்குப் புரியவில்லை.

நீ கொடுத்த கத்தியை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். ஒழுக்கம் என்றால் அது. உன் அக்காவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அத்தான்
(பாதுகாப்பு மேற்பார்வையாளர்)


செவ்வாய், 11ஆம் தேதி

அத்தானுக்கு,

'அன்புள்ள' என்பதை மறந்துபோய் விட்டுவிடவில்லை.

நேற்று விசாரணை அறையில் நடந்ததை நீங்கள் வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ளும் முன் எழுதிவிடுகிறேன். என் கத்தியை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, பெட்டியைச் சுற்றி ஒரு சுருள் ஒட்டுநாடா முழுவதையும் ஒட்டியிருந்தீர்கள். ஆயுதம் எழுந்து ஓடிவிடும் என்ற பயம் போலிருக்கிறது. மேலாளர் நகத்தால் சுரண்டினார். சட்டப் பிரிவு அம்மா சாவியால் குத்தினார். கத்தரிக்கோலை வரவழைத்தால் மேசையும் கூட வரும்.

"யார்கிட்டயாவது கத்தி இருக்கா?" என்றார் மேலாளர்.

நீங்கள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பைக்குள் போனது. மரப்பிடி, பித்தளைப் பூண். ஒரே இழுப்பில் நாடா பிளந்தது. அலமாரியில் தூங்கும் கத்திக்கு அந்தக் கூர் வராது.

"இது யாரோடது?" என்றார் அந்த அம்மா.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். முட்டாள் நான், ஒரு நொடி நம்பினேன்.

"இதுவும் இவர்கிட்ட எடுத்ததுதான் மேடம். இன்னிக்குக் காலைல. அறிக்கை எழுத நேரமில்ல."

நான் வாயைத் திறந்திருந்தால் உங்கள் பிழைப்பு போயிருக்கும். அது அக்காவின் பிழைப்பும்கூட. திறக்கவில்லை. ஒரு கத்தியோடு போயிருந்தால் எச்சரிக்கை தந்து அனுப்பியிருப்பார்களாம். இரண்டு என்பதால் வேலை நீக்கம்.

இப்படிக்கு,
இரண்டு கத்திக்காரன்


வெள்ளி, 14ஆம் தேதி

அன்புள்ள மச்சானுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். வாய் தவறி வந்துவிட்டது. குடும்பத்தில் ஒருத்தனுக்காவது வேலை இருக்க வேண்டாமா? பதவி உயர்வு வரட்டும், உன்னை எங்காவது சேர்த்துவிடுகிறேன். வாசல் காவலுக்கே ஆள் எடுக்கிறார்கள். உன் உயரம் போதும்.

இரண்டு கத்தியையும் அழிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். மனசு கேட்கவில்லை. உன்னுடையதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்னுடையது என்னிடம் இருக்கிறது. அக்காவிடம் 'ஆட்குறைப்பு' என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

அன்புடன்,
அத்தான்


திங்கள், 17ஆம் தேதி

அத்தானுக்கு,

பார்சல் கிடைத்தது. பிரிக்கக் கத்தி தேவைப்பட்டது. கத்தி உள்ளே இருந்ததால் பல்லால் பிரித்தேன்.

வந்தது என் கத்தி அல்ல. என்னுடையதன் நுனி ஒடிந்திருக்கும். உங்கள் வண்டிச் சக்கரத்தில் ஏறிய ஆணியை நெம்பியபோது ஒடிந்தது. இதில் நுனி முழுசாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கூடவே வைத்திருந்த சாமானை அடையாளம் தெரியாதவர்தான் வாசலில் நின்று மற்றவர்கள் பையைத் தடவுகிறார்.

உங்கள் பொருள் எனக்கு எதற்கு? இன்று நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொடுத்தேன். வேலையைப் பற்றிக் கேட்டதற்கு 'ஆட்குறைப்பு' என்று மட்டும் சொன்னேன். நீங்கள் சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை.

அக்கா கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவரோடதுடா. தெனமும் ஆப்பிளோட நான்தானே எடுத்து வெச்சு அனுப்புறேன். நாலு நாளா அவர் பைல இருக்கறது நுனி ஒடிஞ்சு கெடக்கு. கேட்டா, கீழ விழுந்துடுச்சுங்கறாரு. அது உன்னோடதா? ரெண்டும் எப்படிடா மாறுச்சு?"

"எதுவா இருந்தாலும் எழுத்துல கேளுக்கா. என்கிட்ட இல்ல, அவர்கிட்ட" என்றேன்.

பையனின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கிளம்பும்போது முதல் பக்கம் முடிந்திருந்தது. மழுங்கிய பென்சிலை அந்தக் கத்தியாலேயே சீவிக்கொண்டிருந்தாள்.

நல்ல சாமான், அத்தான்.