குழாய் காற்றிழுக்கும் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான்.

ஹொக்கைடோ குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும், படுக்கும் முன் வால்வை மூடு என்றார் விடுதி மேலாளர். மூடினேன். பிறகு குழாய்களைத் திறந்துவைத்தால்தான், அவை சத்தத்தோடு காற்றை உள்ளே இழுத்து, நிற்கும் தண்ணீர் வடியுமாம். அதை யாரும் சொல்லவில்லை. காலையில் வால்வைத் திறந்ததும், உறைந்து வெடித்திருந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி மெத்தையெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்து அறை குதோ பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்.

"உன் குழாய் காத்து இழுக்குற சத்தமே கேக்கலையேன்னு ராத்திரியே நெனச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"நீ கேக்கலையே. நாங்கல்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டோம்."

நானும் சிரித்துவிட்டேன், கவலைப்படாதீர்கள். தடித்த காலுறையும் கருப்புச் சர்க்கரையும் அனுப்புங்கள். நம்மூர்ச் செய்தித்தாளில் சுற்றுங்கள்; பழையதானாலும் பரவாயில்லை.

என் அறைக்கு மறுபக்கத்து அறைக்கு இன்று யாசுமோரி என்றொருவன் வந்திருக்கிறான். பனியே பார்க்காத நம் மியாக்கோத் தீவுக்காரன்தான். வால்வை மூடிவிட்டுப் படுத்துவிட்டான். சுவரில் காது வைத்துக் கேட்டேன். காற்று இழுக்கும் சத்தம் வரவில்லை.

எனக்குத் தூக்கம் வருகிறது, அம்மா. விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் மகன்,
கெந்தோ