நீர்மூழ்கி எங்கிருந்து வந்தது

ஜூலை 7, திங்கள்

காற்று. சிமெண்ட் லாரி போகிற ரோட்டில் கடைக் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. இருந்தாலும் துடைத்தேன். திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள். முதலாளி பாண்டியன் அண்ணன் என் நாற்காலிக்குப் புது மெத்தை போட்டு வைத்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

இன்று செய்த ப்ளெக்ஸ்: காதணி விழா. கண்ணீர் அஞ்சலி இரண்டு. முதலாம் பிறந்தநாள் ஒன்று, குழந்தைக்குச் சிறகு வைக்கச் சொன்னார்கள். பக்கத்து சீட் ஜமீலா, "குடுங்கக்கா, அத நான் செய்யிறேன்" என்றாள். வேண்டாம், நானே வைக்கிறேன் என்றேன். வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது உடம்பு முழுக்க.

சாயங்காலம் ரசிகர் மன்றத்து ஆட்கள். வியாழக்கிழமை வருகிற உளவாளிப் படத்துக்கு இருபது அடி பேனர். ஹீரோ கையில் துப்பாக்கி, பின்னால் ஹெலிகாப்டர், கீழே வரிசையாக இவர்கள் முகம். ஒருவர்: "மேடம், என் கண்ணாடில மட்டும் தீ எரியிற மாரி வைங்க." வயது நாற்பதுக்குக் குறையாது. வைத்துக் கொடுத்தேன். "படத்துக்கு எப்ப வேணா வாங்க. தியேட்டர்ல எம்பேரச் சொன்னாப் போதும்."

ஜூலை 11, வெள்ளி

செ.க்கு நைட் ஷிப்ட். சாயங்காலம் பெரம்பலூருக்குக் கம்பெனி பஸ், காலையில் திரும்பி வந்து தூக்கம். (இந்த நோட்டில் இனி செ.தான். செந்தில் என்று முழுதாக எழுத மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் என்று எழுதவும் வரவில்லை.) நாங்கள் பேசிக்கொள்வது: கேஸ் வந்துச்சா. மாத்திரை போட்டியா. கதவச் சாத்திக்க.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பாப்பா எப்படி இருந்தாள்?

ஏழாம் மாதத்திலேயே பிறந்தாள், உயிர் இல்லை. பெண் என்று சொன்னதோடு சரி. நான் பாதி மயக்கம். அத்தை வாசலில் நின்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது: "அவகிட்ட காட்டாதீங்க. பாத்துட்டா மறக்க மாட்டா." துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனது செ. அடக்கம் பண்ணியதும் செ. பார்த்தவர் என்று இருப்பது அவர் ஒருவர்தான். வந்து குளித்தார். இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நானும் கேட்கவில்லை. கேட்டு, "நான் சரியாப் பாக்கல" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவள் எப்படி இருந்தாள் என்பதே இல்லாமல் போய்விடும். பயமாக இருக்கிறது.

உப்பு வாங்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

கடையில் காலையிலிருந்து படத்தைப் பற்றி ஒரே சண்டை. பாண்டியன் அண்ணன் குடும்பத்தோடு பார்த்துவிட்டார். "இந்த மாரி படமே வந்ததில்ல!" ஜமீலா: "யா அல்லா, அதத்தான் நானும் சொல்றேன். இந்த மாரி ஒரு கொடுமை வந்ததே இல்ல." பத்திரிகை அடிக்க வந்த தா.பழூர்க்காரர் ஒருவர் இன்டர்வெலிலேயே எழுந்து வந்துவிட்டாராம். அண்ணன் அவருக்கு டீ சொல்லவில்லை.

செ. சனிக்கிழமை மத்தியானம்தான் வந்தார். பஸ் பஞ்சர் என்றார். சரி என்றேன்.

அத்தைக்குக் கால்வலித் தைலம்.

ஜூலை 15, செவ்வாய்

தலைவலி என்று அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டு மேட்னி போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீட்டில் இப்படி நடந்திருக்கும்போது இவளுக்கு சினிமா கேக்குதான்னு யாராவது சொல்வார்கள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில். உளவாளி நான்தான்.

படம் மகா மட்டம். ஞாபகம் இருக்கிறவரை:

ஹெலிகாப்டரிலிருந்து ஓடும் ரயில் மேல் குதிக்கிறான், கூலிங் கிளாஸ் கழலவில்லை.

வில்லன் உலகத்து மழை மேகத்தையெல்லாம் திருடி டப்பாவில் அடைக்கிறான். எதற்கு? கடைசி வரை சொல்லவில்லை.

அவன் நாடு ஏதோ ஒரு ஸ்தான். பார்த்தால் நம்மூர் சுண்ணாம்புக்கல் குவாரி. பனிமலை என்று காட்டுகிற இடத்தில் சீமைக் கருவேல மரம் நிற்கிறது.

ஹீரோயின் விஞ்ஞானி. "ஓ நோ" என்று மட்டும் சொல்கிறாள்.

ஹீரோவைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். தப்பிக்க வழியே இல்லை. அப்போது குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வருகிறது. குழிக்குள்! பக்கத்தில் கடல் கிடையாது, ஆறு கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக, வயிறு குலுங்க. தையல் போட்ட இடத்தில் இழுத்தது, கையால் பிடித்துக்கொண்டே சிரித்தேன். முன்வரிசை ஆள் விசில் அடித்தான், எனக்கும் அடிக்க வந்திருந்தால் அடித்திருப்பேன். அந்த இரண்டரை மணி நேரமும் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

ஜூலை 16, புதன்

வெட்கம். அவளைப் பெற்ற வயிறு இது, அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

வெங்காயம், புளி, சோப்பு.

செ. சாப்பிடும்போது நிமிர்ந்து பார்த்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல." எனக்கும் ஒன்றுமில்லை.

ஜூலை 18, வெள்ளி

கண்ணீர் அஞ்சலி மூன்று. ஒன்றில் பெயரில் எழுத்துப்பிழை. செத்தவர் வீட்டுக்காரர்கள் கவனிக்கவில்லை, ஜமீலா கவனித்துத் திருத்தினாள். இப்படி நான் விட்டதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை, "பரவால்லக்கா" என்றாள். அதற்குப் பதிலாக நானும் படம் பார்த்ததை அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாதே என்றேன்.

வெயில். கரண்ட் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

அத்தை அரும்பாவூருக்கு, நாத்தனார் வீட்டுக்கு. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கோழிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். செ. ஹாலில் கட்டிலில் தூங்குகிறார் என்று நினைத்தேன். ஜமீலா போன், திரும்ப அந்தப் படத்துச் சண்டை. அண்ணனுக்குப் பதில் சொல்ல ஓட்டைகளைக் கேட்கிறாள். நான் மெதுவாகத்தான் பேசினேன்: "எல்லாத்தையும் விடு. குழிக்குள்ள நீர்மூழ்கி எங்கேருந்து வந்துச்சுன்னே சொல்லலியே."

ஹாலிலிருந்து குரல்: "சொல்றாங்கல்ல. மீன் வண்டிக்காரன் சொல்றான்ல, கடல்லேருந்து சுரங்கம் வெட்டிருக்குன்னு."

ஜமீலா: "அக்கா, யாருக்கா அது?" வைத்துவிட்டேன்.

போய் நின்றேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். மாட்டிக்கொண்ட முகம்.

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

"நீ எப்பப் பாத்த?"

"செவ்வாக்கிழமை."

"நான் சனிக்கிழமை. பெரம்பலூர்ல. ஷிப்ட் முடிஞ்சு வூட்டுக்கு வர மனசே வரல. அப்புடியே போயி உக்காந்துட்டேன்."

"பஸ் பஞ்சர்னீங்க."

"ம்."

தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர், "அந்த நீர்மூழ்கி வந்தப்ப சிரிச்சேன் கவிதா. பக்கத்துல இருந்தவன் திரும்பிப் பாத்தான். அப்பறம் ஒன் மொகத்தப் பாக்கவே கூச்சமாப் போச்சு" என்றார்.

நானும் அங்கேதான் சிரித்தேன் என்றேன். பனிமலையில் கருவேல மரத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். தலையணையைக் கட்டிக்கொண்டு "ஓ நோ" என்று அந்த ஹீரோயின் மாதிரியே சொன்னார். சிரித்தோம். இவர் பல்லைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. சிரிப்பு அடங்கியபோது கேட்டுவிட்டேன். இப்போது கேட்காவிட்டால் எப்போதுமே இல்லை என்று தோன்றியது.

"பாப்பாவப் பாத்தீங்களா?"

அவர் தலையணையை விடவில்லை.

"பாத்தேன். நல்லாப் பாத்தேன். மூடறதுக்கு முன்னாடி துணிய வெலக்கிட்டு உக்காந்து பாத்தேன். எங்க மாமா போலாம் போலாம்னாரு. நான் எந்திரிக்கல."

"எப்புடி இருந்தா?"

"ஒன் நிறம். தலை நெறைய முடி, ஈரமா நெத்தியில ஒட்டிருந்துச்சு, தள்ளி விட்டேன். மூக்கு எங்க வூட்டு மூக்குதான், பாவம். நகமெல்லாம் இருந்துச்சு, இத்துனூண்டு. கை விரலப் பிரிச்சு என் விரல உள்ள வச்சுப் பாத்தேன்." தன் விரலைப் பார்த்தார். "அவ பிடிச்சுக்கல."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தைக்கு அஞ்சு மணி பஸ். அத்தை வருகிற வரைக்கும் அழுதோம்.