மூன்றாவது கோட்டை

இன்று காலை பயணப்பெட்டியைத் திறந்ததும் உமது கறித்தூள் மணந்தது. போன வருஷம் ஸ்பெயினுக்குப் போனபோது என் பெட்டிக்குள் நீர் ஒளித்து வைத்த பொட்டலம் வெடித்துச் சிந்தியதே, எத்தனை தரம் துடைத்தும் அந்த மணம் போகவில்லை. அன்று உம்மைத் திட்டித் தீர்த்தேன். இன்று பெட்டியை மூட மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த பதினொரு பேர், ஐந்து நாடுகளில் சிதறிப்போனவர்கள், அறுபது வயதில் ஒரு கிழமையாவது ஒரே கூரையின் கீழ் இருக்க ஆசைப்பட்டோம். ஸ்பெயினில் பழைய கோட்டைகளை விடுதியாக்கி வாடகைக்கு விடுகிறார்கள் என்று எங்கள் பாரிஸ்காரி கண்டுபிடித்தாள். வேலையை விட்டு ஓய்ந்திருந்தவர்கள் மொன்றியலில் இருந்த நாம் இருவர்தான். போய்ப் பார்த்துத் தெரிவு செய்யும் வேலை நம் தலையில் விழுந்தது.

கோட்டை என்ற சொல்லே எனக்கு ஆகாது. நம் ஊர்க் கோட்டையிலிருந்து ராணுவம் அடித்த ஷெல் குண்டுதான் என் தம்பியைக் கொண்டுபோனது. மற்றவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. உமக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

முதல் கோட்டையில் சமைக்க விடமாட்டோம் என்றார்கள். "ஏழு நாளைக்குச் சோறு கறி இல்லாமலோ? எங்கடை ஆக்கள் கோட்டையை இடிச்சுப் போடுவினம்" என்று வெளியே வந்துவிட்டீர். இரண்டாவதில் படிகளை எண்ணிப் பார்த்து, லண்டன்காரியின் முழங்கால் தாங்காது என்று தள்ளினீர். மூன்றாவதில் எல்லாம் பொருந்தியது. கோபுரத்து அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்று சுவரில் அம்பு எய்வதற்கென்று விட்டிருந்த ஒடுங்கிய துளையின் அருகே கிடந்தது. நான் வாசலோடு நின்றுவிட்டேன். நீர் துளையில் கண்ணை வைத்துக் கீழே பார்த்தீர்.

"இஞ்ச வந்து பாரும்."

"நான் வரேல்லை."

"ஆக்கள் போறது தெரியுது. முகம் தெரியேல்லை." திரும்பாமலே சொன்னீர்: "தம்பியின்ரை முகமும் அவங்களுக்குத் தெரிஞ்சிராது."

அவன் செத்த அன்று வராத அழுகை எனக்கு அங்கே வந்தது. அழுது முடியும்வரை நீர் துளையை மறைத்துக்கொண்டு நின்றீர். பிறகு, "இதையே எடுப்பம். இந்த அறை எங்கள் ரெண்டு பேருக்கும். துளைப்பக்கத்துக் கட்டிலிலை நான் படுக்கிறன், நீர் கதவுப்பக்கம் படும்" என்றீர்.

மாசி மாதம், பனி குவிந்திருந்த ஒரு காலையில், நித்திரையிலேயே போய்விட்டீர். வில்லரேப் பகுதியில் உமது வீட்டைக் கடக்க முடியாமல் இப்போது இரண்டு தெரு சுற்றிப் போகிறேன். உம்மீது எனக்குக் கோபமும் உண்டு. துளைப்பக்கம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இப்படியா செய்வது?

பயணத்தை விட்டுவிடுவோமா என்று எல்லோரும் கேட்டார்கள். போவோம் என்று நான்தான் சொன்னேன். கோபுரத்து அறை வேண்டாம், கீழே தன்னோடு தங்கச் சொன்னாள் பாரிஸ்காரி. "இல்லையப்பா, அது எங்கடை அறை" என்றேன்.

நாளை மறுநாள் விமானம். புதிதாகத் தூள் வறுத்து, இம்முறை மூன்று பைகளில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். நீர் பார்த்தால் சிரிப்பீர். கதவுப்பக்கத்துக் கட்டில் வெறுமையாகக் கிடக்கட்டும். துளைப்பக்கத்தில் இனி நான்தான் படுக்க வேண்டும்.